கைக்கு வராத ஊரும் ஆலயச் சொத்து: சிலுவைப்போர் நாட்டின் நிலக்கொடைகள்

1099-இல் சிலுவைப்படையினர் பிடித்த எருசலேமின் மன்னர் முதலாம் பால்ட்வின் 1110-ஆம் ஆண்டு ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். இயேசு பிறந்த இடமாகப் போற்றப்படும் பெத்லகேம் தேவாலயம் அதுவரை ஒரு சிறு குருக்கள் குழுவின் பொறுப்பில் இருந்தது. இனி அது ஓர் ஆயரின் தலைமைப்பீடமாக இருக்கும் என்று சாசனம் அறிவித்தது. ஆயர் என்று ஒருவரை உட்கார வைத்தால் அவருக்கு வருமானம் வேண்டும். மன்னர் பெத்லகேம் ஊரையே கொடுத்தார். அக்கோ பக்கம் ஒரு கிராமம், நாப்லுஸ் பக்கம் ஒரு கிராமம், பெத்லகேமை ஒட்டியே இன்னொன்று, அஸ்கலோன் வட்டாரத்தில் இரண்டு.

கடைசி இரண்டில்தான் விஷயம் இருக்கிறது. 1110-இல் அஸ்கலோன் எகிப்தின் ஃபாத்திமியர் வசம் இருந்தது. அங்கிருந்த காவற்படை கோட்டையை விட்டு வெளியே வந்து, பிராங்குகள் எனப்பட்ட மேற்கு ஐரோப்பியக் குடியேறிகளின் ஊர்களைச் சூறையாடிவிட்டுத் திரும்புவது அக்காலத்தில் வழக்கமான செய்தி. பால்ட்வின் 1118-இல் இறந்தார். அஸ்கலோன் வீழ்ந்ததோ 1153-இல், அவருக்குப் பின் மன்னரான உறவினர் இரண்டாம் பால்ட்வினின் பேரன் மூன்றாம் பால்ட்வின் காலத்தில். தன்னிடம் இல்லாத ஊரை, தன் வாழ்நாளில் கிடைக்கப்போகாத ஊரை மன்னர் தானம் செய்திருக்கிறார்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தத் தேங்காய் 43 ஆண்டு கழித்து உண்மையிலேயே உடைபட்டது. அஸ்கலோன் பிடிபட்டதும் எருசலேம் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை ஃபுல்ச்சர், இயேசுவின் கல்லறை இருந்த இடமாகப் போற்றப்படும் திருக்கல்லறைத் தேவாலயத்தின் குருக்களில் ஒருவரான அப்சலோமை அந்நகரத்துக்குத் தனி ஆயராக நியமித்தார். பெத்லகேம் ஆயர் ஜெரால்டு விடவில்லை. திருத்தந்தையிடம், அதாவது போப்பிடம், முறையிட்டார். அஸ்கலோன் பெத்லகேம் ஆயருக்கு உட்பட்டது என்று சாசனம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறதே! வழக்கில் பெத்லகேம் வென்றது.

சிலுவைப்போர் நாடுகளில் தேவாலயங்கள் பெற்ற நிலங்களையும் சலுகைகளையும் புரிந்துகொள்ள இந்த வழக்கு நல்ல நுழைவாயில். பக்தியால் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் பக்தி எப்போதும் வேறு யாரோ ஒருவரின் பங்கிலிருந்துதான் செலவானது. எதிரியின் பங்கு, கிழக்குத் திருச்சபையின் பங்கு, பக்கத்து ஆயரின் பங்கு, சில நேரம் மன்னரின் சொந்தப் பங்கு. யாருடைய பங்கு என்று கேட்டுக்கொண்டே சாசனங்களைப் படித்தால், வறண்ட இலத்தீன் வரிகளுக்குப் பின்னால் ஒரு சண்டை கேட்கத் தொடங்கும்.

கிராமம் என்றால் என்ன கொடுத்தார்கள்?

சாசனங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘கசாலே’. கிராமம் என்று பொருள். அதைக் கொடுக்கும்போது வயல், தோப்பு, நீர்நிலை, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றோடும் அங்கே குடியிருக்கும் உழவர்களையும் சேர்த்தே எழுதினார்கள். உழவர்களில் முஸ்லிம்களும் உண்டு, அரபு பேசும் உள்ளூர்க் கிறித்தவர்களும் உண்டு. ஊர் கைமாறியதால் அவர்கள் வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ‘ரயிஸ்’ எனப்படும் ஊர்த்தலைவர் அதே ஆள்தான். அறுவடைக் காலத்தில் களத்துக்கு வந்து பங்கு அளக்கிறவர்தான் வேறு.

மன்னரிடமும் பிரபுக்களிடமும் நிலத்துக்குக் குறைவில்லை. ஆட்கள்தான் குறைவு. 1099-இல் எருசலேமைப் பிடித்த பின்பு வேண்டுதல் முடிந்த திருப்தியில் பெரும்பாலானோர் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். ஆகவே கொடையின் மதிப்பு மண்ணின் பரப்பில் இல்லை, அதில் உழுகிறவன் தருகிற பங்கில் இருந்தது. 1184-இல் திப்னினிலிருந்து அக்கோவுக்குப் பயணம் செய்த ஆந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் வழியிலிருந்த முஸ்லிம் கிராமங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அறுவடையில் பாதி, தலைக்கு ஒரு தீனாரும் ஐந்து கீராத்தும், மரங்களின் பழத்துக்குச் சிறு வரி. அவ்வளவுதான் பிராங்குகள் வாங்கினார்கள் என்கிறார். அதில் அவருக்குச் சற்று மனவருத்தமும் உண்டு. முஸ்லிம் ஆண்டைகளின் கீழ் இருப்பவர்களைவிட இவர்கள் வசதியாக இருக்கிறார்களே என்று.

பங்கு போக, ‘அன்பளிப்பு’ என்ற பெயரில் கட்டாயமாகக் கொடுக்க வேண்டியவையும் இருந்தன. தீரு நகரப் பக்கத்தில் வெனிஸ் நகரத்தாருக்கு இருந்த கிராமங்களைப் பற்றி 1243-இல் எழுதிய கணக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒவ்வோர் ஏர் நிலத்துக்கும் ஒரு கோழி, பத்து முட்டை, அரை ராத்தல் பாலாடைக்கட்டி, விறகுக்காகப் பன்னிரண்டு சில்லறைக் காசு. ஆண்டுக்கு மூன்று முறை. வெனிஸ்காரர்கள் வியாபாரிகள், முட்டையை எண்ணி எழுதி வைத்தார்கள். ஆலயக் கிராமங்களும் ஏறக்குறைய இந்த முறையில்தான் நடந்திருக்க வேண்டும்.

முதல் கொடையாளி, முதல் ஏமாற்றம்

எருசலேமைப் பிடித்த படைத்தலைவர்கள் கோட்ஃப்ரியை ஆட்சியாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மன்னர் என்ற பட்டம் வேண்டாமென்று சொல்லி, திருக்கல்லறையின் காவலர் என்ற பொருளில் ஒரு பட்டத்தை ஏற்றுக்கொண்டார். திருக்கல்லறைத் தேவாலயத்தில் இருபது குருக்களை அமர்த்தி அவர்களுக்கு வருமானமும் ஏற்படுத்தினார். எருசலேமுக்கு வடக்கே 21 கிராமங்கள் அவர் பெயரால் அந்த ஆலயத்துக்குப் போயின. 1114-இல் பால்ட்வின் அவற்றை உறுதிப்படுத்தினார். பட்டியலில் கலந்தியா என்ற ஊரும் இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் ராணுவச் சோதனைச் சாவடியும் நீண்ட வரிசையும்தான் நினைவுக்கு வரும்.

கிராமம் மட்டுமல்ல, எருசலேம் நகரத்தின் பொது ரொட்டி அடுப்புகளில் பெரும்பகுதியும் அந்தக் குருக்களுக்குச் சேர்ந்தது. எளிய சலுகையாகத் தோன்றும். ஆனால் வீட்டில் அடுப்பு இல்லாத நகரத்தில், பிசைந்த மாவை எடுத்துக்கொண்டு எங்கே போவது? அடுப்புக்குக் கட்டணம் கட்டாமல் ரொட்டி இல்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும். கிராமத்துக்குப் பஞ்சம் வரலாம், படையெடுப்பு வரலாம். பசி ஒருநாளும் பொய்க்காது. இந்த யோசனையைச் சொன்னவர் யாராக இருந்தாலும் கணக்குத் தெரிந்தவர்.

பைசா நகரத்துப் பேராயர் டைம்பெர்ட் 1099 இறுதியில் முதுபெரும் தந்தையாக வந்து சேர்ந்தார். கூடவே பைசாவின் கப்பல்களும் வந்தன. கப்பல் இல்லாத கோட்ஃப்ரிக்கு அவரிடம் மறுத்துப் பேச வழியில்லை. 1100 பிப்ரவரியில் யோப்பா துறைமுகத்தில் நான்கில் ஒரு பங்கைக் கொடுத்தார். அவ்வாண்டு ஈஸ்டர் திருநாளில் எருசலேம் நகரத்தையும் அதன் கோட்டையான தாவீதின் கோபுரத்தையும் கொடுப்பதாக வாக்களித்தார். ஆனால் வேறு நகரங்களைப் பிடிக்கும்வரை தானே வைத்துக்கொள்வதாக ஒரு நிபந்தனையும் சேர்த்தார். ஜூலையில் கோட்ஃப்ரி இறந்தார். அவருடைய வீட்டுப் படையினர் தாவீதின் கோபுரத்தை மூடிக்கொண்டு, எடெஸ்ஸாவிலிருந்த தம்பி பால்ட்வினுக்கு ஆளனுப்பினார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பெத்லகேமில் பால்ட்வினுக்கு முடிசூட்டியவர் வேறு யாருமல்ல, டைம்பெர்ட்தான். வாக்குறுதி வாக்குறுதியாகவே நின்றது.

எனினும் எருசலேமின் வடமேற்கு மூலை முதுபெரும் தந்தையின் ஆளுகையில் தனிப் பகுதியாக இருந்தது. அதற்கான காரணத்தை அக்கால வரலாற்றாசிரியரான தீரு நகரப் பேராயர் வில்லியம் பழைய கதையாகச் சொல்கிறார். 1063 வாக்கில் நகர மதிலைப் பழுதுபார்க்கும்படி குடிமக்களுக்குக் கட்டளை வந்தது. கிறித்தவர்களுக்கு விழுந்த பங்கைச் சமாளிக்கப் பணமில்லை. பைசாந்தியப் பேரரசர் சைப்ரஸ் தீவின் வருவாயிலிருந்து பணம் கொடுத்தார். பதிலுக்கு, அந்தச் சுவருக்குள் கிறித்தவர்கள் மட்டுமே குடியிருக்கலாம் என்ற உரிமையை வாங்கிக் கொடுத்தார். ஆக, இலத்தீன் முதுபெரும் தந்தை அனுபவித்த நகரப் பகுதி, கிரேக்கப் பேரரசரின் பணத்தில் முஸ்லிம் ஆட்சியில் பிறந்த சலுகை.

ஆட்களைக் கொண்டுவந்தவர்களும் குருக்களே

ஆலயங்கள் நிலத்தை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டன என்று நினைத்தால் தவறு. பிரபுக்களால் செய்ய முடியாத ஒன்றைச் சில ஆலயங்கள் செய்தன. ஐரோப்பாவிலிருந்து உழவர்களைக் குடியேற்றின. திருக்கல்லறைக் குருக்களின் 21 கிராமங்களில் ஒன்றான அல்-பீரா, இன்றைய ராமல்லாவை ஒட்டியிருக்கும் ஊர். பிராங்குகள் அதை மாகோமேரியா என்றார்கள். தெருவின் இருபுறமும் வீடுகள், ஒரு தேவாலயம், குருக்களின் காரியஸ்தர் தங்கும் கோபுரம் என்று திட்டமிட்டுக் கட்டிய ஊர். 1124-இல் அஸ்கலோன் படை தாக்கியபோது முதியவர்களும் பெண்களும் அந்தக் கோபுரத்துக்குள் ஒளிந்து தப்பினார்கள்.

1156-இல் எழுதிய ஒரு பத்திரத்தில் மாகோமேரியாவில் குடியேறி, குருக்களின் தலைவருக்கு விசுவாசப் பிரமாணம் செய்த குடும்பத் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. தொண்ணூற்றுச் சொச்சம் பேர். பெயரோடு சொந்த ஊரும் தொழிலும் ஒட்டியிருக்கும். பர்கண்டியிலிருந்து வந்தவர், பிரோவான்ஸிலிருந்து வந்தவர், கத்தலோனியாவிலிருந்து வந்தவர். தச்சர், கொல்லர், தோட்டக்காரர். பிரபுக்களின் பெயர்கள் நிறைந்த சாசனக் குவியலில் சாமானியர்கள் இப்படி வரிசைகட்டி நிற்பது அரிது. வேறு எதற்காக இல்லையென்றாலும் இந்தப் பட்டியலுக்காகவே நான் அந்தக் குருக்களுக்கு நன்றி சொல்வேன். அவர்கள் நோக்கம் வரலாறு எழுதுவதல்ல, விளைச்சல் பங்கைத் தவறாமல் வசூலிப்பது.

குடியேறியவர்கள் விளைச்சலிலும் திராட்சையிலும் ஆலிவிலும் குறித்த பங்கைக் கொடுத்தார்கள். பதிலாக வீடும் நிலமும் பரம்பரை உரிமை ஆயின. மருத்துவமனைத் துறவியரான ஹாஸ்பிட்டலர்களும் இதே வழியைப் பின்பற்றினார்கள். 1136-இல் மன்னர் ஃபுல்க் அவர்களுக்குக் கொடுத்த பெத்கிபெலின் கோட்டையைச் சுற்றிக் குடியேறிய 32 குடும்பங்களுக்கு 1168-இல் உரிமைப் பத்திரம் எழுதித் தந்தார்கள்.

இந்த நிலங்கள் படைக்கும் ஆள் கொடுத்தன. ஆலயத்துக்குக் கொடுத்த கிராமத்திலிருந்து குதிரை வீரன் வரமாட்டான். ஆனால் ஆபத்துக் காலத்தில் காலாட்கள் வரவேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் இபெலின் ஜான் பதிந்துள்ள பழைய பட்டியல்படி முதுபெரும் தந்தை 500 பேர், திருக்கல்லறைக் குருக்கள் 500 பேர், பெத்லகேம் ஆயர் 200 பேர், யோசபாத்து பள்ளத்தாக்கின் புனித மரியா மடம் 150 பேர் அனுப்ப வேண்டும். காகிதத்தில் எழுதிய எண்ணிக்கை மட்டுமல்ல இது. 1170-இல் எகிப்தை ஆண்ட சலாஹுதீன் காசாவைத் தாக்கியபோது மாகோமேரியாவின் இளைஞர்கள் 65 பேர் படைக்குப் போகும் வழியில் அன்றிரவு அங்கே தங்கியிருந்தார்கள். நகர வாசலைக் காத்து நின்று பெரும்பாலும் மடிந்தார்கள் என்று வில்லியம் எழுதுகிறார். 1156 பட்டியலில் பெயர் கொடுத்த தந்தையரின் பிள்ளைகளும் அவர்களில் இருந்திருக்கலாம்.

தசமபாகம்: அம்பு பறந்த வழக்கு

நிலத்தைவிட நுட்பமான சொத்து தசமபாகம். விளைச்சலில் பத்தில் ஒன்று அந்தப் பகுதி ஆயருக்கு உரியது. இலத்தீன் திருச்சபையைச் சேராத உழவர்கள் அதை நேரடியாகக் கட்டவில்லை. அவர்களிடம் பங்கு வாங்கும் பிராங்கு பிரபு, தனக்கு வந்ததில் பத்தில் ஒன்றை ஆயருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தார்களா? முதல் இருபது ஆண்டு மன்னரே சரியாகக் கொடுக்கவில்லை.

1119 ஜூனில் அந்தியோக்கியா நாட்டின் படை அழிந்து அதன் ஆட்சியாளர் ரோஜர் கொல்லப்பட்டார். அதோடு வெட்டுக்கிளியும் எலியும் பயிரைத் தின்றுகொண்டிருந்தன. கடவுள் கோபித்துக்கொண்டார் என்று எல்லாருக்கும் தோன்றியது. எதற்காகக் கோபம்? 1120 ஜனவரியில் மன்னர் இரண்டாம் பால்ட்வினும் முதுபெரும் தந்தை வார்முண்டும் நாப்லுஸில் கூட்டிய மாமன்றம் 25 விதிகளை இயற்றியது. ஒழுக்கக்கேட்டைப் பற்றிய விதிகள்தான் அதில் மிகுதி. ஆனால் முதல் மூன்று விதிகளும் தசமபாகத்தைப் பற்றியவை. மன்னர் எருசலேம், நாப்லுஸ், அக்கோ வருவாயின் தசமபாகத்தை ஒப்படைத்து, இதுவரை வைத்துக்கொண்டதற்கு மன்னிப்பும் கேட்டார். அதே ஆண்டில் வார்முண்டின் வேண்டுகோளுக்கு இணங்கி, எருசலேமுக்குள் வரும் கோதுமை, வாற்கோதுமை, பருப்பு வகைகளுக்குச் சுங்கம் வேண்டாமென்று மன்னர் விலக்கினார். சரசேனியர் என்று அவர்கள் அழைத்த முஸ்லிம்களுக்கும் இந்த விலக்கு உண்டு. ஆளில்லா நகரத்துக்குச் சோறு வந்தால் போதும், யார் கொண்டுவந்தால் என்ன?

இப்படிப் பாடுபட்டு மீட்ட தசமபாகத்தில் ஓட்டை போட்டது ரோம்தான். திருத்தந்தை இரண்டாம் பாஸ்கால் 1113 பிப்ரவரி 15 அன்று ஹாஸ்பிட்டலர்களைத் தம் நேரடிப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். இன்னொரு துறவு வீரர் அமைப்பான டெம்ப்ளர்களுக்கு 1139-இல் இரண்டாம் இன்னசெண்ட்டும், ஹாஸ்பிட்டலர்களுக்கு 1154-இல் நான்காம் அனஸ்தாசியுஸும் விரிவான விலக்குகள் அளித்தார்கள். தசமபாகம் கட்ட வேண்டாம், ஆயரின் தண்டனை அவர்களைக் கட்டாது. கணக்கைப் பாருங்கள். ஒரு பிரபு தன் கிராமத்தை ஹாஸ்பிட்டலர்களுக்குத் தானம் செய்தால் அதுவரை அந்தக் கிராமத்திலிருந்து ஆயருக்கு வந்த பத்திலொன்று அன்றோடு நின்றது. பிரபு தன் ஆன்மாவுக்காகக் கொடுத்தார். ஆயரும் தம் பையிலிருந்து கொடுத்தாக வேண்டியிருந்தது.

எருசலேமில் இந்தப் பகை வாசலுக்கு வாசல் மூண்டது. திருக்கல்லறைத் தேவாலயத்துக்கு எதிரிலேயே ஹாஸ்பிட்டலர்கள் அதைவிட உயரமாகவும் பகட்டாகவும் கட்டடம் எழுப்பினார்கள். முதுபெரும் தந்தை மக்களுக்கு மறையுரை ஆற்ற எழுந்தால் போதும், எதிர்ப்புறம் எல்லா மணிகளும் ஒன்றாக அடிக்கும். தொண்டை வறளக் கத்தினாலும் அவர் சொல்வது யாருக்கும் கேட்காது. ஒருநாள் ஆயுதத்தோடு தேவாலயத்துக்குள் புகுந்து அம்பு எய்தார்கள். அந்த அம்புகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டி, கல்வாரி இருந்த இடத்துக்கு முன்னால் கயிற்றில் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்ததாக வில்லியம் சொல்கிறார். வில்லியமும் பேராயர், ஆயர்கள் பக்கத்துக் கதையைத்தான் அவர் சொல்லுவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

நூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஃபுல்ச்சர் 1155-இல் ஆயர்களைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து இத்தாலிக்கே போனார். அதற்குள் புதிய திருத்தந்தையாக நான்காம் ஏட்ரியன் வந்திருந்தார். ஊர் ஊராகப் பின்தொடர்ந்து, காத்திருந்து, வாதாடி, ஒன்றும் நடக்கவில்லை. கர்தினால்களில் இரண்டே பேர்தான் அவர் பக்கம் நின்றார்கள். மற்றவர்கள் பரிசு வாங்கிவிட்டார்கள் என்கிறார் வில்லியம். இருக்கலாம். ஆனால் ரோமின் பார்வையில் வேறு கணக்கும் இருந்தது. எல்லையில் கோட்டை காக்கிறவர்கள் அந்தத் துறவு வீரர்கள். மறையுரை ஆற்றுகிறவர்கள் அல்ல.

எல்லைக் கோட்டைகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். திரிப்போலியின் பிரபு இரண்டாம் ரேமண்ட் 1142-இல் பின்னாளில் கிராக் தெ செவாலியே என்று புகழ்பெற்ற கோட்டையை ஹாஸ்பிட்டலர்களுக்குக் கொடுத்தபோது, மோன்ஃபெரான் என்ற கோட்டை மீதான உரிமையையும் சேர்த்துக் கொடுத்தார். அது 1137-இலேயே முஸ்லிம் ஆட்சியாளர் சங்கியிடம் பறிபோயிருந்தது. பெத்லகேம் சாசனத்தின் அதே தந்திரம்தான்: வேண்டுமானால் பிடித்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய விலை ஒன்றும் கொடுத்தார். ஹாஸ்பிட்டலர்களின் சம்மதமின்றி முஸ்லிம்களோடு போர்நிறுத்தம் செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். நாட்டை ஆள்பவர் சமாதானம் பேசும் உரிமையையே பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். 1186-இல் மார்கட் கோட்டையைப் பராமரிக்க வழியில்லாமல் அதன் உரிமையாளர் பெர்ட்ராண்ட் அதையும் ஹாஸ்பிட்டலர்களிடம் ஒப்படைத்து, ஆண்டுக்கு 2,200 பெசண்ட் பொற்காசு வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். பெயர் கொடை, நடந்தது விற்பனை.

படைக்கடமை உள்ள நிலம் ஆலயத்துக்குப் போய்விட்டால் குதிரை வீரன் ஒருவன் குறைவான் என்பது மன்னர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் பிரபுக்களின் மானிய நிலத்தையும் நகரத்தாரின் வீடு மனைகளையும் ஆலயங்களுக்கு விற்கக் கூடாது என்று எருசலேம் நாட்டுச் சட்டம் தடுத்தது. தடையைத் தாண்ட மன்னரின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஒரு சாசனம். நம் கையில் இத்தனை சாசனங்கள் இருப்பதற்கு அதுவும் காரணம்.

அரண்மனைப் பெண்களின் நிலம்

ஆலயச் சொத்து எப்போதும் ஆலயத்தை நோக்கியே நகர்ந்தது என்பதும் இல்லை. முதுபெரும் தந்தை அர்னுல்ஃப், தன் உறவுப்பெண் எம்மாவைப் பெரும் பிரபு யூஸ்டேஸ் கார்னியருக்கு மணமுடித்தபோது, ஆலயத்துக்குரிய எரிகோவைச் சீதனமாகக் கொடுத்தார். வில்லியம் எழுதும் காலத்தில் எரிகோவின் ஆண்டு வருமானம் ஐயாயிரம் பொற்காசு. எழுதும்போது பேராயரின் பல் நறநறப்பது நமக்குக் கேட்கிறது.

எரிகோ பின்னர் திரும்பவும் ஒரு மடத்துக்கே வந்தது, அதுவும் ஒரு குடும்பக் காரணத்தால். இரண்டாம் பால்ட்வினின் மகளும் ஃபுல்க்கின் மனைவியுமான அரசி மெலிசெண்டின் தங்கை இவெத்தா எருசலேமில் புனித அன்னாள் மடத்தில் கன்னியாஸ்திரி. மன்னர் மகள் இன்னொரு மடத்தலைவியின் கீழ் சாதாரணக் கன்னியராக இருப்பதா? மெலிசெண்டுக்குப் பொறுக்கவில்லை. 1138-இல் திருக்கல்லறைக் குருக்களுக்குத் தெக்கோவா ஊரைக் கொடுத்துவிட்டு, அவர்களிடமிருந்த பெத்தானியாவை மாற்றாக வாங்கினார். லாசரு உயிர்த்தெழுந்த ஊர் என்று போற்றப்படும் அங்கே மடம் கட்டி, எரிகோவையும் அதற்குச் சொத்தாகச் சேர்த்தார். வயதான ஒருவரை முதலில் மடத்தலைவியாக்கி, அவர் இறந்ததும் இவெத்தாவை அமர்த்தினார். மாற்றுப் பத்திரத்தில் ஒரு சிறு வரி எனக்குப் பிடித்தது: தெக்கோவா மக்கள் சாக்கடல் கரையில் உப்பும் நிலக்கீலும் எடுத்துக்கொள்ளலாம். அரசகுடும்ப ஏற்பாட்டுக்கு நடுவே உப்பு பொறுக்குகிறவனின் உரிமையையும் யாரோ மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

மெலிசெண்டின் தாய் மோர்ஃபியா ஆர்மீனியர். கிழக்குத் திருச்சபைகளிடம் அரசி காட்டிய பரிவுக்கு அதுவும் காரணமாகச் சொல்லப்படும். அந்தப் பரிவு ஒரு வழக்கில் நிலமாகவே மாறியது. சிரிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு எருசலேமுக்கு அருகில் இரண்டு கிராமங்கள் இருந்தன. சிலுவைப்படை வருமுன் அவர்களுடைய ஆயர் எகிப்துக்குப் போய்விட்டார். ஆளில்லாச் சொத்து என்று கருதப்பட்ட கிராமங்களைக் கோஃபியே என்ற பிராங்கு வீரர் எடுத்துக்கொண்டார். பிறகு அவரை எகிப்தியர் சிறைபிடித்தார்கள். இறந்தவராகவே கணக்கு வைத்து, கிராமங்கள் சிரியத் திருச்சபைக்குத் திரும்பின. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1137-இல், கிழவராக அவர் சிறையிலிருந்து திரும்பி வந்து நின்றார். என் கிராமங்கள் எங்கே?

மன்னர் ஃபுல்க்கின் மனம் அந்த வீரர் பக்கம் சாய்ந்தது. ஒரு வாழ்நாளையே சிறையில் கழித்தவரிடம் யாருக்குத்தான் இரக்கம் வராது? மெலிசெண்ட் சிரியத் திருச்சபைக்காகப் பரிந்து பேசினார். முடிவில் வீரருக்குப் பொற்காசு, திருச்சபைக்குக் கிராமங்கள். இந்தக் கதை இலத்தீன் சாசனத்தில் இல்லை. சிரியத் துறவி ஒருவர் சுவடியைப் படியெடுத்து முடித்து, அதன் கடைசியில் எழுதிவைத்த குறிப்பில் இருக்கிறது. பங்கு பறிபோனவர்கள் தரப்பிலிருந்து நமக்குக் கிடைக்கும் குரல்களில் இது ஒன்று. முஸ்லிம் உழவர்களின் தரப்பில் இப்படியொரு குறிப்பு எழுத யாரும் சுவடி வைத்திருக்கவில்லை.

கடலுக்கு அப்பால்

எருசலேமின் ஆலயங்களுக்கு ஐரோப்பாவிலும் நிலம் குவிந்தது. உச்சம் அரகோன் மன்னர் முதலாம் அல்ஃபோன்சோவின் உயில். பிள்ளையில்லாத அவர் 1131-இல் தன் நாட்டையே திருக்கல்லறைக் குருக்கள், ஹாஸ்பிட்டலர்கள், டெம்ப்ளர்கள் மூவருக்கும் சமமாக எழுதிவைத்தார். 1134-இல் அவர் இறந்ததும் பிரபுக்கள் உயிலைக் கண்டுகொள்ளாமல், துறவியாக இருந்த அவர் தம்பி ராமிரோவை மடத்திலிருந்து கூட்டிவந்து அரியணையில் அமர்த்தினார்கள். உரிமையாளர்களைச் சமாதானப்படுத்தி நிலமும் கோட்டையும் கொடுத்து முடிக்க 1143 வரை ஆனது.

இந்த மேற்கத்திய நிலங்கள்தான் பின்னாளில் அடைக்கலம் தந்தன. 1187 ஜூலை 4 ஹத்தீன் போர்; அக்டோபர் 2 எருசலேம் சலாஹுதீனிடம் சரணடைந்தது. திருக்கல்லறைக் குருக்கள் சாசனங்களோடு அக்கோவுக்குப் போனார்கள், 1291-இல் அக்கோவும் வீழ்ந்தபின் இத்தாலியின் பெருஜியாவுக்கு. யோசபாத்து மடத்தின் சாசனங்கள் சிசிலிக்குப் போய்ச் சேர்ந்தன. நிலம் போன பிறகும் பத்திரத்தை யாரும் எறியவில்லை. எந்தக் கிராமத்தில் எத்தனை ஏர் நிலம் என்று இன்றைக்கு நாம் பேச முடிவது அதனால்தான்.

மெலிசெண்டின் தங்கை இருந்த புனித அன்னாள் மடத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. முதலாம் பால்ட்வின் தன் ஆர்மீனிய மனைவியை ஒதுக்கியபோது அவரைக் கன்னியாக்கி அடைத்த இடம் அது. அதற்காகவே மடத்துக்கு நிலங்களைக் கூட்டிக் கொடுத்தார். வேண்டாத மனைவிக்கு ஜீவனாம்சம், பெயர் மட்டும் ஆலயக்கொடை. 1192-இல் சலாஹுதீன் அதை மதரசாவாக மாற்றினார். கல்விக்கும் ஆசிரியர்களுக்கும் செலவாக வக்ஃப் நிலங்களை எழுதிவைத்தார். யோசபாத்து மடத்தின் தோட்டம் துரவுகளும் அதில் சேர்ந்தன. 1856-இல், கிரிமியப் போரில் உதவியதற்காக, ஒட்டோமான் சுல்தான் அந்தக் கட்டடத்தைப் பிரான்ஸுக்குக் கொடையாகக் கொடுத்தார். இன்று அது மீண்டும் தேவாலயம். வாசலுக்கு மேலே சலாஹுதீனின் அரபுக் கல்வெட்டு அப்படியே இருக்கிறது.